யூதருக்கு ஒரு தாயகம்: கேட்டவர்கள் யார், கொடுக்க முன்வந்தவர்கள் யார்?

வைப்பாறு (இழையைத் தொடங்கியவர்)

பாலஸ்தீனம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இங்கே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துகொள்கிறோம். ஒரு கட்சிக்கு எல்லாமே 1917இல் லண்டனில் பால்ஃபர் என்ற அமைச்சர் கையெழுத்திட்ட கடிதத்தில்தான் தொடங்குகிறது; யூத தேசியம் என்பதே வெள்ளைக்காரன் செய்துவைத்த பொம்மை. மறு கட்சிக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பிரார்த்தனை ஒருநாள் அப்படியே அரசாக உருவெடுத்துவிட்டது. வெளியாருக்கு அதில் வேலையே இல்லை. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அடிக்க வாருங்கள். கோரிக்கை யூதர்களுடையது; கிழக்கு ஐரோப்பாவில் பட்ட அடியிலிருந்து பிறந்தது. ஆனால் அதை ஆதரித்த வெளியார் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கோடுதான் வந்தார்கள். அவர்களில் பலருக்கு யூதர்கள் மீது அன்பெல்லாம் கிடையாது. தங்கள் ஊரை விட்டு அவர்கள் போனால் போதும் என்று நினைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

தொடக்கப் புள்ளியாக 1881ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த மார்ச்சில் ரஷ்ய ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைப் புரட்சியாளர்கள் குண்டு வீசிக் கொன்றார்கள். கொன்ற குழுவில் யூதப் பெண் ஒருவரும் இருந்தார். அது போதுமானதாக இருந்தது. ஏப்ரலில் எலிசாவெட்கிராடில் தொடங்கிய தாக்குதல் கீவ், ஒடெசா என்று தெற்கு முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு மே மாதம் அரசு கொண்டுவந்த சட்டங்கள் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்களைத்தான் நெருக்கின. யூதர்கள் புதிதாகக் கிராமங்களில் குடியேறக் கூடாது என்றன.

ஒடெசாவில் லியோன் பின்ஸ்கர் என்ற மருத்துவர் இருந்தார். ரஷ்ய மொழி கற்று, ரஷ்யர்களோடு கலந்து வாழ்ந்தால் காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை எழுதிவந்தவர். 1882இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு நூல் அந்த நம்பிக்கைக்கு எழுதிய இரங்கல் செய்தி. யூத வெறுப்பு ஒரு நோய், படித்தவனுக்கும் அது தீராது, எங்களுக்கென்று ஒரு நிலம் வேண்டும் என்றார். அந்த நிலம் பாலஸ்தீனமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் யாஃபாவுக்குத் தெற்கே ரிஷோன் லெசியோன் என்ற குடியிருப்பு தொடங்கியது. விவசாயம் தெரியாதவர்கள், தண்ணீர் இல்லாத நிலம். பாரிஸிலிருந்த பாரன் எட்மண்ட் ரோத்ஸ்சைல்டு பணம் கொடுத்திராவிட்டால் அது அப்போதே கலைந்திருக்கும். பணத்தோடு தன் மேலாளர்களையும் அனுப்பினார். குடியேறியவர்களுக்கும் அந்த மேலாளர்களுக்கும் ஓயாத சண்டை. அது தனிக்கதை.

செங்கதிர்

வைப்பாறு ஐயா, அடிபட்டதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அடிக்குத் தேசியம் ஒன்றுதான் மருந்து என்பதுபோல் தொனிக்கிறதே, அங்கேதான் எனக்குச் சிக்கல். 1881 முதல் 1914 வரை கிழக்கு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய யூதர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோர் போனது அமெரிக்காவுக்கு. பாலஸ்தீனம் போனவர்கள் சில பத்தாயிரம் பேர்தான், அவர்களிலும் பலர் அங்கே தங்கவில்லை. மக்கள் காலால் போட்ட வாக்கு அது.

கிளம்பாதவர்களையும் பாருங்கள். 1897 ஆகஸ்டில் பாசெல் நகரில் வியன்னா பத்திரிகையாளர் ஹெர்சல் முதல் சியோனிஸ்ட் மாநாட்டை, அதாவது யூதருக்குத் தாயகம் கேட்போரின் மாநாட்டை, கூட்டினார், எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் ரகசியமாகக் கூடி 'புந்த்' அமைப்பைத் தொடங்கினார்கள். ஏன் ஓட வேண்டும், வாழும் இடத்திலேயே, பேசும் யித்திஷ் மொழியிலேயே உரிமைக்குப் போராடுவோம் என்றார்கள். ரஷ்யப் பேரரசில் பல ஆண்டுகள் சியோனிஸ்டுகளைவிட அவர்களுக்குத்தான் தொழிலாளர்களிடம் செல்வாக்கு.

பழமைவாத ரப்பிகளோ (யூத மதகுருக்கள்) மெசியா என்ற மீட்பர் வரும் முன் மனிதன் அவசரப்படுவது பாவம் என்றார்கள். அமெரிக்கச் சீர்திருத்த ரப்பிகள் 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடி, நாங்கள் இனி ஒரு தேசம் அல்ல, ஒரு மதச் சமூகம் மட்டுமே என்று அறிவித்தார்கள். ஹெர்சல் முதலில் மாநாட்டை மியூனிக்கில் நடத்தத்தான் நினைத்தார். அங்கிருந்த யூதர்களே எதிர்த்ததால் சுவிட்சர்லாந்துக்கு மாற்றினார். இடதும் வலதும் எதிர்த்த, வசதியானவர்கள் வெட்கப்பட்ட ஒரு சிறுபான்மை இயக்கம் இறுதியில் வென்றது என்றால், வெளியாதரவைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மலைநாட்டான்

டிரைஃபஸ் வழக்கை யாரும் சொல்லவில்லையே? பாரிஸில் தேசத்துரோகப் பழி சுமத்தி அந்த யூத ராணுவ அதிகாரியின் பட்டயங்களைப் பிய்த்து அவமானப்படுத்தியதை நேரில் பார்த்துத்தான் ஹெர்சல் மனம் மாறினார் என்று பள்ளிக் காலம் முதல் படித்து வந்திருக்கிறோம்.

வைப்பாறு

ஹெர்சலே பின்னாளில் அப்படித்தான் எழுதினார், மலைநாட்டான். கதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் டிரைஃபஸ் விசாரணை நடந்தது 1894 டிசம்பரில். அதற்கு முன்பே, அந்த இலையுதிர் காலத்திலேயே, யூதர்கள் ஐரோப்பாவில் என்ன செய்தாலும் கண்ணுக்குத் தெரியாத சேரிக்குள்தான் இருக்கிறார்கள் என்று ஒரு நாடகம் எழுதி முடித்துவிட்டார். அவரை உண்மையில் உலுக்கியது அவர் வாழ்ந்த ஊரான வியன்னா என்பது என் எண்ணம். யூத வெறுப்பையே மேடை முழக்கமாக்கிய கார்ல் லூகர் 1895இல் அங்கே மேயர் தேர்தலில் வென்றார். ரஷ்யா பின்தங்கிய நாடு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வியன்னாவை அப்படிச் சொல்ல முடியுமா?

செங்கதிர், சிறுபான்மை இயக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிறுபான்மை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. பாசெலில் கூடிய சுமார் 200 பேர் தங்களுக்கென நிரந்தர அமைப்பையும் ஆண்டு மாநாட்டையும் உண்டாக்கினார்கள். 1899இல் லண்டனில் பதிவு செய்த வங்கி, 1901இல் நிலம் வாங்கும் நிதி. அந்த நிதிக்கு ஏழைத் தையற்காரன் வீட்டிலும் ஓர் உண்டியல் இருந்தது. ஆங்கிலேயன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது.

ஹெர்சலின் தனித்தன்மை கொள்கையில் இல்லை. பின்ஸ்கர் எழுதியதைப் படிக்காமலே அதே முடிவுக்கு வந்து 1896இல் தன் நூலை வெளியிட்டார், அவ்வளவுதான். ஒரு வல்லரசின் சட்டபூர்வமான உறுதிமொழி கையில் இல்லாமல் பத்து வீடு, இருபது வீடு என்று கட்டிக்கொண்டு போவது வீண் என்று கண்டுகொண்டதில்தான் அவர் பத்திரிகையாளர் மூளை தெரிகிறது. எந்த வல்லரசு என்பது அவருக்குப் பொருட்டில்லை. வியன்னாவின் பிரிட்டிஷ் தூதரகத்துப் பாதிரியார் வில்லியம் ஹெக்லர், விவிலியத் தீர்க்கதரிசனக் கணக்குகளோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஹெர்சலுக்கு மதநம்பிக்கை குறைவு. பாதிரியாரின் கணக்கைக் கேட்டுச் சிரித்திருப்பார். ஆனால் பாதிரியாருக்கு பாடன் நாட்டுக் கோமகனைத் தெரியும், கோமகனுக்கு ஜெர்மன் கெய்சரைத் தெரியும். 1898இல் ஹெர்சல் கெய்சரைக் கான்ஸ்டான்டிநோபிளிலும் ஜெருசலேமிலும் சந்தித்தார். முதலில் தலையாட்டிய கெய்சர், சுல்தானுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிவிட்டார்.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதிடம் போனது இன்னும் சுவையானது. ஒட்டோமான் அரசு திவாலாகி, 1881 முதல் அதன் வரி வருவாயில் ஒரு பகுதியை ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகமே வசூலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடனை யூதப் பணத்தால் அடைத்துத் தருகிறோம், பாலஸ்தீனத்தைக் கொடுங்கள் என்பது ஹெர்சலின் பேரம். இடைத்தரகர் வழியாக வந்த பதிலை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: ஓரடி நிலம்கூட விற்க முடியாது, அது என்னுடையதல்ல, என் மக்களுடையது, பேரரசு துண்டாடப்படும் நாளில் அவர்களுக்கு அது சும்மாவே கிடைக்கலாம். இதில் இன்னொரு வேடிக்கை, கொடுப்பதாகச் சொன்ன பணம் ஹெர்சல் கையில் இல்லவே இல்லை.

1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தடுக்கவில்லை என்று உலகமே ரஷ்ய உள்துறை அமைச்சர் பிளேவேயைக் குற்றம் சாட்டியது. ஆகஸ்டில் ஹெர்சல் அதே பிளேவேயைப் போய்ப் பார்த்தார். யூதர்களை ரஷ்யாவிலிருந்து கிளப்பிக் கொண்டுபோவதாக இருந்தால் உங்கள் இயக்கத்துக்கு எங்கள் ஆதரவு உண்டு என்று பிளேவே கடிதமே கொடுத்தார். யூத வெறுப்பாளர்களே நமக்கு நம்பகமான நண்பர்களாவார்கள் என்று ஹெர்சல் 1895லேயே நாட்குறிப்பில் எழுதியிருந்தார். தெரிந்தேதான் போனார்.

பாலைநிலா

வைப்பாறு ஐயாவின் கட்சிக்கு இன்னும் பழைய சான்றுகள் உண்டு. ஹெர்சல் பிறந்ததே 1860இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1840 ஆகஸ்டில், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன், யூதர்கள் பாலஸ்தீனம் திரும்புவதை ஊக்குவிக்குமாறு சுல்தானிடம் எடுத்துச் சொல்லும்படி தம் தூதருக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கு எந்த யூத இயக்கமும் லண்டனில் அதற்காகப் போராடிக்கொண்டிருக்கவில்லை.

அவர் எழுதியதற்குக் காரணம் எகிப்தின் முகமது அலி. சிரியா முழுவதையும் பிடித்து வைத்துக்கொண்டு சுல்தானையே மிரட்டிக்கொண்டிருந்தார். சுல்தானுக்கு விசுவாசமான, பணமுள்ள குடிகள் அங்கே வேண்டும் என்பது ஒரு கணக்கு. இன்னொன்று, அந்தப் பகுதியில் கத்தோலிக்கர்களுக்குப் பாதுகாவலன் என்று பிரான்ஸ் உள்ளே நுழைந்தது, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் பாதுகாவலன் என்று ரஷ்யா நுழைந்தது, பிரிட்டனுக்கு மட்டும் பாதுகாக்க யாரும் இல்லை. பாமர்ஸ்டன் காதில் இதை ஓதியவர் அவருடைய உறவினர், பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆனவர். யூதர்கள் புனித நாட்டுக்குத் திரும்பினால்தான் கிறிஸ்துவின் வருகை நிகழும் என்று உறுதியாக நம்பியவர். அதே மனிதர் 1847இல் யூதர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர வழிசெய்யும் மசோதாவை எதிர்த்துப் பேசினார்! ஜெருசலேமில் இடம் உண்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் கிடையாது.

அமெரிக்காவிலும் இதுதான். 1891இல் பிளாக்ஸ்டன் என்ற மதப் பிரசாரகர், ரஷ்ய யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தைக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று அதிபர் ஹாரிசனிடம் 413 பேரின் கையெழுத்தோடு மனு கொடுத்தார். ராக்ஃபெல்லர், ஜே. பி. மார்கன் எல்லாம் அதில் உண்டு. ரஷ்யாவிலிருந்து கப்பல் கப்பலாக அகதிகள் நியூயார்க்கில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

நீங்கள் இருவரும் கேட்டவர், கொடுத்தவர் என்றே பேசுகிறீர்கள். அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் இந்த இழையில் இன்னும் வாயே திறக்கவில்லை. 1899இல் ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் அல்காலிதி, பிரான்சின் தலைமை ரப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களுக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள தொடர்பை அவர் மறுக்கவில்லை. கோட்பாட்டளவில் நியாயம்தான் என்கிறார். ஆனால் இங்கே வேறு மக்கள் வாழ்கிறார்கள், கடவுள் பெயரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று முடிக்கிறார். கடிதம் ஹெர்சல் கைக்குப் போனது. நாங்கள் கொண்டுவரும் செல்வத்தால் உங்கள் நிலத்தின் விலை உயரும், அரபு மக்களை யார் வெளியேற்றப்போகிறார்கள் என்று பதில் எழுதினார்.

நிலம் எப்படிக் கைமாறியது என்றும் பார்க்க வேண்டும். 1858 ஒட்டோமான் நிலச் சட்டத்துக்குப் பிறகு, வரிக்கும் ராணுவச் சேவைக்கும் பயந்த உழவர்கள் பலர் தங்கள் பெயரில் பதியவில்லை. ஊரின் செல்வர்கள் பெயரிலோ பெய்ரூட் வணிகர்கள் பெயரிலோ பதிவானது. சுர்சோக் குடும்பம் அப்படித்தான் கலிலேயாவின் கீழுள்ள சமவெளியில் கிராமம் கிராமமாக வைத்திருந்தது. பெய்ரூட்டில் பத்திரம் கைமாறும், உழுதுகொண்டிருந்தவனுக்கு வெளியேறச் சொல்லி ஆள் வரும். 1910இல் அல்ஃபூலா கிராமம் விற்கப்பட்டபோது நாசரேத்தின் ஒட்டோமான் அதிகாரி சுக்ரி அல்அசலியே பத்திரப் பதிவை மறுத்துப் பார்த்தார், பத்திரிகையிலும் எழுதினார். நடக்கவில்லை. 1911இல் யாஃபாவில் 'ஃபிலஸ்தீன்' பத்திரிகை தொடங்கியது. பால்ஃபர் கடிதத்துக்கு முன்பே எதிர்ப்பு அச்சேறிவிட்டது.

மலைநாட்டான்

உகாண்டாவைக் கொடுக்க பிரிட்டன் தயாராக இருந்ததாமே? அதை வாங்கிக்கொண்டிருந்தால் இவ்வளவு சண்டையே வந்திருக்காதே.

பாலைநிலா

உகாண்டா என்று பெயர்தான், இடம் இன்றைய கென்யாவின் உவாசின் கிஷு மேட்டுநிலம். அங்கே நந்தி மக்களும் மாசாய் மக்களும் இருந்தார்கள். சண்டை வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? காலனி அமைச்சர் ஜோசஃப் சேம்பர்லெய்ன் 1903இல் நீட்டிய யோசனை அது. அங்கே குடியேறியிருந்த வெள்ளையர்கள் உடனே எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள். ஆறாவது சியோனிஸ்ட் மாநாட்டில், போய்ப் பார்த்து வர ஒரு குழு அனுப்பலாமா என்ற கேள்விக்கே 295 பேர் ஆதரவு, 178 பேர் எதிர்ப்பு. வெளிநடப்பு செய்தவர்கள் ரஷ்யப் பிரதிநிதிகள். கிஷினேவிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அடி விழுந்துகொண்டிருந்தவனே ஆப்பிரிக்கா வேண்டாம் என்றான். ஹெர்சல் 1904 ஜூலையில் 44 வயதில் இறந்தார், அடுத்த ஆண்டு மாநாடு அந்த யோசனையைக் கைவிட்டது.

செங்கதிர் தோழர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியார் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் பொம்மையாக இருந்தால் இந்த வாக்கெடுப்பே நடந்திருக்காது.

செங்கதிர்

குறித்துக்கொண்டேன். 1917க்கு வாருங்கள்.

வைப்பாறு

வருகிறேன். உகாண்டா யோசனையின்போது பிரிட்டிஷ் பிரதமர் யார்? ஆர்தர் பால்ஃபர். 1905இல் அயல்நாட்டார் சட்டம் கொண்டுவந்து ரஷ்ய யூத அகதிகள் பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தியவரும் அவர்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வெளியுறவு அமைச்சராக, 1917 நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டிஷ் யூதப் பிரமுகர் ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் பாலஸ்தீனத்தில் யூதத் தேசியத் தாயகத்துக்கு ஆதரவு தெரிவித்தார். இந்த இரண்டையும் அவர் முரண்பாடாக நினைத்திருக்க மாட்டார்.

சியோனிஸ்ட் தலைவர் வைஸ்மான் வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோன் தயாரித்துக் கொடுத்தார், அதற்கு நன்றியாகப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பாலஸ்தீனத்தைக் கொடுத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. லாயிட் ஜார்ஜே தன் நினைவுக் குறிப்பில் அதைக் கிளப்பிவிட்டார். மான்செஸ்டர் வேதியியலாளரான வைஸ்மானுக்கு அசிட்டோன் அமைச்சர்களின் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் போர்க்கால அமைச்சரவை நன்றிக் கடனுக்காக நிலம் வழங்குமா? சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் பிரான்ஸ் வந்து உட்காரக் கூடாது. 1916இல் பிரான்சோடு செய்த சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தில் பாலஸ்தீனத்தைச் சர்வதேச நிர்வாகத்துக்கு விடச் சம்மதித்ததிலிருந்து நழுவ ஒரு காரணம் வேண்டும். 1917 ஜூனில் பிரான்சே சியோனிஸ்ட் தலைவர் சோகோலோவிடம் ஓர் ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது. ஜெர்மனியும் ஏதாவது அறிவித்துவிடுமோ என்ற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, ரஷ்யாவைப் போரில் நீடிக்கவைக்கவும் அமெரிக்காவை உற்சாகப்படுத்தவும் யூதர்களால் முடியும் என்று லண்டன் நம்பியது. உலகத்தையே யூதர்கள் திரைமறைவில் ஆட்டிவைக்கிறார்கள் என்ற பழைய யூத வெறுப்புக் கற்பனைதான் இங்கே ராஜதந்திரமாக மாறுவேடம் போட்டு வந்தது.

அரசுக்குள் எதிர்த்தவர்கள் இருவரையும் நமக்கு வேறு வழியில் தெரியும். ஒருவர் எட்வின் மாண்டேகு. ஆம், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகுதான். அந்த அமைச்சர்களில் அவர் ஒருவரே யூதர். அரசின் போக்கே யூத வெறுப்பு என்று தலைப்பிட்டு ஆகஸ்டில் குறிப்பு எழுதினார்: பாலஸ்தீனம் யூதனின் நாடு என்று நீங்கள் அறிவித்த மறுநாள், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமகனை அந்நியன் என்று வெளியேற்றப் பார்க்கும். ஒப்புதல் கிடைத்தபோது அவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்; சென்னைக்கும் வந்து மனுக்கள் வாங்கிக்கொண்டார். மற்றவர் கர்சன். வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்தான், அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் அரபு மக்கள் இருக்கிறார்களே, அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து விறகு வெட்டவும் தண்ணீர் இறைக்கவும் சம்மதிப்பார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கடைசியில் எதிர்ப்பைக் கைவிட்டார்.

பாலைநிலா

அந்தக் கடிதத்தில் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்தவர்கள் 'அங்குள்ள யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டுமே வருகிறார்கள். அவர்களுக்குக் குடியுரிமை சார்ந்த, மதம் சார்ந்த உரிமைகள் காக்கப்படும் என்கிறது. அரசியல் உரிமை என்ற பேச்சே கிடையாது. ஆனால் மற்ற நாடுகளில் வாழும் யூதர்களின் அரசியல் நிலை பாதிக்கக் கூடாது என்று அடுத்த வரியிலேயே வருகிறது. எழுதியவர்களுக்கு வேறுபாடு தெரியாமல் இல்லை. பிரிட்டன் பாலஸ்தீனத்தை ஆள 1922இல் சர்வதேச சங்கம் ஒப்புதல் கொடுத்த ஆணையிலும் இதே வாசகம் நுழைந்தது.

நிர்வாகி

1918இல் ஹைஃபாவைப் பிடித்த ஜோத்பூர், மைசூர் குதிரைப் படைகள் பற்றிய பதிவுகளைப் போர் வரலாற்றுப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இன்றைய செய்திகளை வைத்து ஒருவரையொருவர் ஏசிய நான்கு பதிவுகளை நீக்கிவிட்டேன்.

செங்கதிர்

ஆக, ஐயாவின் வாக்குமூலத்தின்படியே 1917க்குப் பிறகு பிரிட்டிஷ் துப்பாக்கியின் நிழலில்தான் அது வளர்ந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த அரபு எழுச்சியை நசுக்கியது யார்?

வைப்பாறு

பிரிட்டன்தான், மிகக் கொடூரமாக. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துப்பாக்கி நிழல் கொடுக்கும், ஆட்களைக் கொண்டுவராது. 1922 கணக்கெடுப்பில் யூதர்கள் சுமார் 84,000. மொத்தத்தில் 11 சதவீதம். ஆணையாட்சி வந்ததும் எல்லோரும் ஓடி வந்துவிடவில்லை. 1924இல் அமெரிக்கா நாடுவாரி ஒதுக்கீடு வைத்துக் கதவைச் சாத்தியது. நீங்கள் முன்பு சொன்ன அந்தக் காலால் போட்ட வாக்குக்கு, அதன்பின் வாக்குச் சாவடியே இல்லை. 1933இல் ஹிட்லர் வந்தார். 1935இல் மட்டும் பாலஸ்தீனத்தில் இறங்கியவர்கள் 60,000க்கும் மேல். 1938இல் எவியானில் 32 நாடுகள் கூடி அகதிகளுக்காக அனுதாபப்பட்டன. டொமினிக்கன் குடியரசைத் தவிர எவரும் பெரிதாக இடம் தர முன்வரவில்லை. பாலஸ்தீனத்துக்கான ஆதரவு என்று நாம் எண்ணுவதில் பாதி, மற்ற இடங்களில் சாத்தப்பட்ட கதவுகளின் கணக்கு.

அடுத்த ஆண்டே பிரிட்டன், அரபு நாடுகளைப் பகைத்துக்கொள்ள முடியாமல், ஐந்து ஆண்டுகளில் 75,000 பேர் மட்டும் என்று வெள்ளை அறிக்கை போட்டது. எந்த ஐந்து ஆண்டுகள் என்று பாருங்கள். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா.வில் பிரிவினைத் தீர்மானம் 33-13 என்று நிறைவேறியபோது, தாயகம் கொடுத்த பிரிட்டன் வாக்களிக்காமல் ஒதுங்கிய 10 நாடுகளில் ஒன்று. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிரிக்காமல் கூட்டாட்சியாக வைக்கலாம் என்ற சிறுபான்மை அறிக்கையில் ஈரான், யூகோஸ்லாவியாவோடு இந்தியாவும் கையெழுத்திட்டிருந்தது.

ஆதரித்து வாக்களித்தவர்களில் யார் இருந்தார்கள் என்று செங்கதிர் சொல்லட்டும். நான் சொன்னால் கோபம் வரும்.

செங்கதிர்

கோபமெல்லாம் இல்லை. சோவியத் ஒன்றியம்தான். 1947 மே மாதமே சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ ஐ.நா.வில் யூத மக்களின் துயரத்தைச் சொல்லி, ஒரே அரசு சாத்தியமில்லை என்றால் இரண்டாகப் பிரிக்கலாம் என்று பேசினார். அமெரிக்கா ஆயுதத் தடை போட்டிருந்தபோது செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து துப்பாக்கிகளும் விமானங்களும் போனது மாஸ்கோ சம்மதத்தோடுதான். அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களில் அதை அங்கீகரித்தார் என்பார்கள். அது நடைமுறை அங்கீகாரம் மட்டுமே. முழுச் சட்ட அங்கீகாரத்தை மூன்று நாளில் முதலில் கொடுத்தது மாஸ்கோ.

ஸ்டாலினின் கணக்கு பிரிட்டனை மத்திய கிழக்கிலிருந்து கிளப்புவது. இதை எழுதுவதால் வைப்பாறு ஐயாவின் கட்சிக்கு வலு சேர்கிறது என்று தெரிகிறது, பரவாயில்லை. பிரிட்டன் கிளம்பியதும் மாஸ்கோவின் அக்கறையும் கிளம்பிவிட்டது. 1948 முடிவதற்குள், போர்க்காலத்தில் சோவியத் யூதர்களை வைத்து நடத்திய பாசிச எதிர்ப்புக் குழுவைக் கலைத்தார்கள். 1953 ஜனவரியில் யூத மருத்துவர்கள் மீது சதி வழக்கு, பிப்ரவரியில் இஸ்ரேலோடு உறவு முறிந்தது, ஸ்டாலின் இறந்த பிறகு ஜூலையில் மீண்டும் ஒட்டவைத்தார்கள். செக் ஆயுத விவகாரம் பெரியது, நாளை தனி இழையாகத் தொடங்குகிறேன்.